சொட்டுக்குக் கிடைத்த பரிகாரம்

அந்த ஸ்லீவ் என் மேசைமேல் கிடந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத இரும்புக் குழல். பம்பின் தண்டுக்குச் சட்டை மாட்டியதுபோல மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். தேய்வதையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு தண்டைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. அதை மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. இரண்டு ஓரங்களும் கடையிலிருந்து வந்த பளபளப்போடு அப்படியே இருந்தன. நடுவில் மட்டும் நகம் முழுசாக இறங்குகிற ஆழத்துக்கு வளையம் வளையமாகப் பள்ளம். பள்ளத்தின் கரையெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. பம்பு வேலை தெரிந்த யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள், தண்ணீர் காட்டாமல் கருகவிட்டிருக்கிறார்கள் என்று. தெரியாதவர்களுக்கும் எடுத்துச் சொன்னால் புரியும். அதைக் கையில் வாங்கி ஒரு தடவை பாருங்கள் என்று எங்கள் முதலாளியிடம் நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த எம்-சாண்ட் ஆலை. கல்லை உடைத்து மணலாக்கி, கழுவி, லாரியில் ஏற்றுவார்கள். கழுவிய தண்ணீர் கல்மாவையும் பொடி மணலையும் கரைத்துக்கொண்டு கேழ்வரகுக் கூழ்போல வந்து ஒரு தொட்டியில் விழும். அதை மேட்டிலிருக்கிற குட்டைக்கு ஏற்றிவிட ஒரு பம்பு. அங்கே சேறு அடியில் தங்கி, தெளிந்த தண்ணீர் திரும்பவும் கழுவ வரும். அந்த ஒரு பம்பு நின்றால் ஆலையே நின்றுவிடும். நல்ல தண்ணீர் இறைக்கிற பம்பு வருஷக்கணக்கில் ஓடும். கல்மாவுத் தண்ணீரை இறைக்கிற பம்பை உள்ளே இருந்து யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். அந்த ஆலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். நான் சேர்ந்தபோது பம்பைக் கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டிவிட்டு, தண்ணீர் அதிகமாகப் போகிறது என்று வால்வைப் பாதி மூடி வைத்திருந்தார்கள். உள்ளே சுற்றுகிற இம்பெல்லர் கரும்புச் சக்கையாகிக் கொண்டிருந்தது. மோட்டார் பக்கத்துப் புல்லியை மாற்றி வேகத்தைக் குறைத்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தால் தேய்மானம் நிறையவே குறையும். வால்வை முழுக்கத் திறந்தேன். பம்பு காற்றை இழுக்காதபடி தொட்டியில் தண்ணீர் மட்டத்தை ஏற்றினேன். கல் சில்லு உள்ளே போகாமலிருக்க தொட்டி வாயில் வலை கட்டினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, பம்பு செய்தவர்கள் கொடுத்த புத்தகத்தில் எல்லாமே இருக்கிறது. இம்பெல்லர் அடிக்கடி மாற்றுவது நின்றதும் முதலாளிக்கு என்மேல் நல்ல மரியாதை வந்தது. அந்த மரியாதையை நம்பித்தான் ஆபரேட்டர் வேலைக்கு என் பாவாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறி முதலாளி இடத்தை விற்றுவிட்டுப் போனதால் சும்மா இருந்தார். பாவாவை அடக்கமான மனிதர் என்று யாராலும் சொல்ல முடியாது. சேற்றில் நிற்கிற வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். வந்து ஆணியில் மாட்டிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொள்வார். டீக்கடையில் அவர் குரல்தான் கேட்கும். பம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாத முதல் வாரத்திலேயே பம்பைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவர் அவர். ஆனால் ஆடிக் கிருத்திகை வந்தால் ஆளே மாறிவிடுவார். காவடி எடுக்கிறவரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். அக்கா, வருஷத்தில் எனக்கு அந்த நாட்கள்தான் லீவு என்பாள்.

முதலில் அவரோடு எனக்கு நடந்த சண்டையே சொட்டுத் தண்ணீரைப் பற்றித்தான். பம்பின் பின்பக்கம் தண்டு வெளியே வருகிற வாசலைக் கிளாண்ட் என்பார்கள். அங்கே தண்டைச் சுற்றிக் கயிறு அடைத்து, ஒரு தகட்டை வைத்து இரண்டு நட்டால் இறுக்கியிருக்கும். அந்தக் கயிற்றுக்கு நடுவே சின்னக் குழாய் வழியாகப் போர்வெல் தண்ணீரை அழுத்தத்தோடு விடவேண்டும். உள்ளே இருக்கிற சேற்றுத் தண்ணீரைவிட இதற்கு அழுத்தம் அதிகம். அதனால் சேறு இந்தப் பக்கம் வராது, நல்ல தண்ணீர்தான் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் வெளியேயும் சொட்டும். சொட்டியே ஆகவேண்டும். சொட்டு நின்றால் கயிறு காய்ந்து கருகும். கல்மாவு உள்ளே புகுந்து ஸ்லீவை அறுக்கும்.

தறிக்காரருக்கு இது பிடிபடவில்லை. தறியில் எங்கேயாவது எண்ணெய் சொட்டினால் துணி போச்சு. சொட்டைக் கண்டால் கை தானாக ஸ்பானரைத் தேடும். நான் சொட்டவிட்டு வருவேன், அவர் போய் இறுக்கிவைப்பார். “தண்ணி ஒழுவிகினு இருந்திச்சி பாப்பா, நான்தான் மூடிட்டேன்” என்று பெருமையாக வந்து சொல்வார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஒருநாள் அவர் கையைப் பிடித்து இறுக்கிய கிளாண்டின்மேல் வைத்தேன். சுட்டுவிட்டது. நட்டைத் தளர்த்தி, சொட்டு விழ ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைக்கச் சொன்னேன். குளிர்ந்திருந்தது. “அட, ஆங்!” என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்தச் சொட்டுக்கு அவரே காவல்காரர் ஆகிவிட்டார். வேறு யாராவது நட்டில் கை வைத்தால் அடிக்கப் போவார். “நானு இல்லன்னா அந்தப் பம்பு ரெண்டு நாளு தாங்காது” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், அந்த வாய்தான் பின்னால் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

முதலாளிக்குத் தொடர்ந்து சில காரியங்கள் சரியாக நடக்கவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவியது. ஒரு லாரி எல்லையில் மாட்டிக்கொண்டது. வாஸ்துக்காரர் ஒருவரை ஆலைக்குக் கூட்டி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் திசைகாட்டி, கூடவே குடை பிடிக்க ஒரு ஆள். ஆலை முழுக்கச் சுற்றிவிட்டுப் பம்பு ஷெட்டுக்கு வந்து நின்றார். அது தென்மேற்கில் இருக்கிறது, கன்னி மூலை. கிளாண்டிலிருந்து சொட்டு விழுவதைப் பார்த்தார். மூக்கில் விரல் வைத்துக்கொண்டார்.

“கன்னி மூலையில தண்ணி சொட்டிகினு கீதே! சொட்டறது தண்ணி இல்லீங்க, உங்க சம்பாத்தியம்” என்றார்.

முதலாளி முகம் வெளிறிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இது பழுதில்லை சார், இப்படித்தான் ஓடவேண்டும், புத்தகத்திலேயே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். சொட்டுகிற தண்ணீர் கண்ணை உறுத்தினால் கீழே ஒரு தட்டு வைத்து, குழாய் போட்டு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றேன். ஒரு நாள் வேலை. “ஏம்மா, பம்பு விக்கிறவன் எழுதினதுக்கோசரம் நானு தெருவுல நிக்கணுமா? ஒரு சொட்டு வெளிய வரக்கூடாது, இறுக்கு” என்றார். வாஸ்துக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். 

சாமி நம்பிக்கையோ சாஸ்திர நம்பிக்கையோ எனக்குப் பகையில்லை. பூஜை அறை இல்லாத வீட்டில் நான் பிறக்கவில்லை. ஆனால் அந்தப் பம்பு கிழக்கு மேற்கு பார்த்துத் தேய்வதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் தண்ணீரும் வேகமும்தான். சொட்டை நிறுத்தினால் ஸ்லீவ் போகும் என்று அன்றைக்கே எல்லார் எதிரிலும் சொன்னேன். போனால் மாற்றிக்கொள்ளலாம் என்றார் முதலாளி. பாவா நட்டை இறுக்கினார். இறுக்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “பம்பு மூச்சு முட்டி சாவும் பாப்பா” என்றார்.

அப்படியே நடந்தது. கயிறு கருகி நாற்றம் வந்தது. ஸ்லீவ் போனது. புதிது மாட்டினோம். அதுவும் போனது. ஒவ்வொரு தடவையும் ஆலை நின்றது, மணலுக்கு வந்த லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. முதலாளி பொறுமை இழந்தார். சொட்டை நிறுத்தியதால்தான் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. அதை ஒத்துக்கொண்டால் வாஸ்துக்காரரைக் கூட்டி வந்த தன் புத்தியையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டுமே! ஆகவே வேறு காரணம் தேடினார், கிடைத்தது. புது ஸ்லீவை ஆபரேட்டர் வெளியே விற்றுவிட்டு, பழையதையே போட்டு ஓட்டுகிறான் என்றார். அவனில்லாவிட்டால் பம்பு ரெண்டு நாள் தாங்காதாம், அவனே டீக்கடையில் சொன்னானாம், அப்படியென்றால் என்னவோ செய்கிறான் என்றுதானே அர்த்தம்?

மறுநாள் சாயந்திரம் கேட்டில் பாவாவை நிறுத்தினார்கள். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டே அவருடைய சோற்று டப்பாவைத் திறக்கச் சொன்னார். ஷிப்டு முடிந்து வெளியே போகிறவர்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். டப்பாவில் மீந்துபோன நாலு பருக்கை எலுமிச்சை சாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிச் சட்டையின் பையையும் தடவிப் பார்த்தார்கள். எப்போதும் வாய் ஓயாத மனிதர் டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொதட்டூர்பேட்டை வரை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலை அவர் கழற்றிக் கொண்டுவந்து வைத்த ஸ்லீவ்தான் என் மேசைமேல் கிடந்தது.

பளபளப்பான ஓரங்களே போதும், அது புது ஸ்லீவ் என்று காட்ட. பழையதை மாட்டியிருந்தால் ஓரமும் மங்கியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போக எழுந்தேன். அதற்குள் பம்பு ஷெட் வாசலில் எல்லாரையும் கூடச் சொல்லி ஆள் வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் ஒரு செங்கல்மேல் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். அங்கே நின்று பார்த்தால் திருத்தணி மலை நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவன்மேல் பழி வந்தால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது வழக்கம். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

“மலையப் பாத்து அணைச்சுட்டுச் சொல்லு, எடுக்கலன்னு. நானு நம்பறேன்” என்றார் முதலாளி.

கற்பூரம் எரிந்தது. பாவா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கையை நீட்டவில்லை.

“நானு எடுக்கலீங்க. அத்த சொல்றதுக்கு என் வாயி போதும். நெஜமா இருந்தாலும் சாமிய சாட்சிக்கு இழுக்கக்கூடாது. காவடி எடுக்கறவன் நானு. அந்தக் கையால இத்த அணைக்கமாட்டேன்.”

“பாத்தீங்களா?” என்று முதலாளி எல்லாரையும் பார்த்துக் கேட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என் எதிரிலேயே முகங்கள் மாறின. நேற்றுவரை அவரோடு ஒரே டம்ளரில் டீயைப் பங்கு போட்டவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். பக்தி இல்லாதவன் ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் சட்டென்று அணைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பான். திருடியவனாக இருந்தாலும் அணைத்திருப்பான். சாமிக்குப் பயந்தவர் என்பதாலேயே என் பாவா திருடன் ஆனார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். “சார், சத்தியமே வேணாம். இத்தப் பாருங்க, இதுலயே இருக்குது” என்று ஸ்லீவை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீ அவன் மச்சினிச்சி. நீ வேற இன்னா சொல்லுவ?” என்றார். நான் படித்த படிப்பு, புல்லி மாற்றியது, அவர் கொடுத்த மரியாதை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. உறவுக்காரி சொன்னால் இரும்புகூடப் பொய் சொல்லுமா? அதைத்தான் நான் கத்தினேன். கத்தியது அவருக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. பாவாவை அன்றைக்கே அனுப்பினார்கள். என்னைப் போகச் சொல்லவில்லை, நானே போய்விட்டேன்.

வீட்டில் அக்கா அழுதாள். “அணைச்சிட்டு வந்துக்கினு இருக்கலாமே, உன்ன யாரு இவ்ளோ ஞாயம் பேசச் சொன்னாங்க?” என்று அவரையே திட்டினாள்.  அவர் பொதட்டூர்பேட்டையிலேயே வேறொருவர் தறியில் கூலிக்குப் போனார். டீக்கடைக்குப் போவதை விட்டார். பிறகு அக்கா மகளுக்குப் பள்ளிப்பட்டிலிருந்து வரன் வந்தது. பொருத்தம் பார்த்து, தட்டு மாற்ற நாளும் குறித்துவிட்டார்கள். அப்புறம் யாரிடமோ விசாரித்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாள் குறித்த பிறகு பொருந்தாமல் போகிற ஜாதகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது, அது தனி. ஆனால் அந்த மாதம் முழுக்க பாவா வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது நான் திருத்தணியில் ஒரு பம்பு சர்வீஸ் பட்டறையில் இருக்கிறேன். சுற்றுவட்டாரத்து ஆலைகளுக்கெல்லாம் போய்வருவேன். போன மாதம் அந்த ஆலையிலிருந்தே கூப்பிட்டார்கள். இம்பெல்லருக்கும் முன்தகட்டுக்கும் இடைவெளி அதிகமாகித் தண்ணீர் குறைவாக ஏறுகிறதாம். போகலாமா வேண்டாமா என்று யோசித்து, பம்பு என்ன பாவம் செய்தது என்று போனேன்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கிளாண்ட் சொட்டிக்கொண்டிருந்தது. அழகாக, சீராக, எப்படிச் சொட்டவேண்டுமோ அப்படி. கீழே எவர்சில்வர் தட்டு. தட்டிலிருந்து டைல்ஸ் பதித்த சின்ன வாய்க்கால் ஒன்று ஷெட்டை விட்டு வெளியேறி, சுவரோரமாகவே போய், வடகிழக்கில் ஈசானிய மூலையில் ஒரு துளசி மாடத்தின் காலடியில் முடிந்தது. மாடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

முதலாளியே வந்து பெருமையாக விளக்கினார். பாவா போன பிறகும் ஸ்லீவ் போய்க்கொண்டேதான் இருந்ததாம். புது ஆபரேட்டரையும் மாற்றிப் பார்த்தாராம். கடைசியில் வாஸ்துக்காரரையே மறுபடி கூட்டி வந்தாராம். கன்னி மூலையில் தண்ணீர் சொட்டலாம், தங்கத்தான் கூடாது, கிளம்பி ஈசானியத்துக்குப் போனால் நல்லது என்று பரிகாரம் சொன்னாராம். “அன்னிலேந்து ஒரு ஸ்லீவு போவல தெரியுமா? அவுரு கைராசி” என்றார். நான் சொன்ன தட்டு. நான் சொன்ன குழாய். அதற்குப் பொட்டு வைத்தால் பரிகாரம், நான் சொன்னால் மச்சினிச்சி பேச்சு! பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். இடைவெளியைச் சரி செய்து, பம்பை ஓட்டிக் காட்டினேன்.

கிளம்பும்போது கூப்பிட்டார். “உங்க பாவா எப்டி கீறாரு? நல்ல மனுஷன்மா. ஆபரேட்டருக்கு ஆளே கெடைக்கல, வரச்சொல்லேன்” என்றார். மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அவர் மனதில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பரிகாரம் வந்த அன்றைக்கே இவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, யாரும் எதையும் எடுக்கவில்லை என்று? தெரிந்துதானே நல்ல மனுஷன் என்கிறார்?

பாவா கூலிக்கு ஓட்டுகிற தறிக்கே போய்ச் சொன்னேன். சோறு கொண்டுவந்திருந்த அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தறிக்கூலியைவிட அது நல்ல வேலை. பாவா ரொம்ப நேரம் தறியை ஓட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிறுத்தினார்.

“ஆங், போறேன் பாப்பா. சம்பளம் பத்தி ஒண்ணும் கேக்கமாட்டேன். அன்னிக்கு நின்னாங்களே, அவங்க எதிர்ல, ‘அவன் எடுக்கல’ன்னு அவுரு வாயால ஒரு தபா சொல்லட்டும். மறுநா காலைல ஷிப்டுக்கு நிக்கறேன்.”

அவர் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டேன். கேட்டதைச் சொன்னேன்.  அவர் சிரித்தார். “அடப் போம்மா, அத்தயெல்லாம் இன்னும் மனசுல வெச்சிக்கினு கீறாரா? வேலைக்குக் கூப்பிடறேனே, அதுலயே தெரியலியா?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்னும் இரண்டு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை.

பாவா மறுபடி தறியைப் போட்டார். அந்தச் சத்தத்தில் முதலாளியின் பதிலை நான் சொன்னது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, “வுடு பாப்பா” என்று மட்டும் சொன்னார். எனக்கு விட முடியவில்லை. அன்றைக்குப் பம்பு ஷெட் வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் இன்றும் அந்த ஆலையில்தான் இருக்கிறார்கள். மீதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். முதலாளி வாயால் வரவேண்டிய வார்த்தையை, உறவுக்காரி என்று அவர் தள்ளிய நானே சொல்லிவிடுகிறேன். என் பாவா எதையும் எடுக்கவில்லை.